ஜெர்மனியின் நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை: கேள்வி பதில்

கே: டிசம்பர் 26 அன்று போய்ச் சேர்கிறோம். சந்தை இருக்குமா?

ப: இருக்காது. அட்வெண்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள்) முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி மாலை தொடங்கி, டிசம்பர் 24 மதியத்தோடு கடையைக் கட்டிவிடுவார்கள்.

கே: எந்த நாள், எந்த நேரம் நல்லது?

ப: திங்கள் முதல் வியாழன் வரை. மாலை 3:30-க்கே ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் இருங்கள். 4:15 வாக்கில் இருட்டி விளக்குகள் எடுப்பாகத் தெரியும். ஐந்து மணிக்கு மேல் வேலை முடிந்த கூட்டம் வந்துவிடும். சனி மாலை வேண்டவே வேண்டாம், குழந்தை வண்டி அங்குலம் நகராது. குழந்தைகளுக்கான தனிச் சந்தை பக்கத்திலேயே, ஹான்ஸ் சாக்ஸ் பிளாட்ஸில்.

கே: சூடான ஒயினுக்குப் பலகையில் போட்ட விலையைவிடக் கூடுதலாக வாங்குகிறார்களாமே?

ப: அது கோப்பைக்கான முன்பணம், 'ஃபாண்ட்'. கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கைக்கு வரும். சில்லறை யூரோ கொண்டுபோங்கள்.

கே: சைவத்துக்கு என்ன கிடைக்கும்?

ப: பன்னில் மூன்றாக வைத்துத் தரும் சிறிய தொத்திறைச்சி பன்றிக்கறி. உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் வாங்கலாம், ஆனால் முட்டை சேர்த்ததா என்று கேளுங்கள். சுட்ட கஷ்கொட்டைக்குக் கேள்வியே வேண்டாம். ஃபிளாம்குக்கன் என்ற மெல்லிய பீட்சா போன்ற ரொட்டியில் வழக்கமாகப் பன்றிக்கறித் துண்டுகள் இருக்கும்.

கே: மசாலா சேர்த்த இனிப்புப் பண்டமான எலிசன் லெப்குக்கனுக்கு ஏன் அவ்வளவு விலை? சாதாரண லெப்குக்கன்தானே?

ப: இல்லை. எலிசன் என்று பெயர் போட பாதாம், ஹேசல்நட், வால்நட் குறைந்தது 25% வேண்டும். மாவு 10%-ஐத் தாண்டக் கூடாது. மாவு குறைவதால் கலவை தட்டில் பரவி ஒட்டும். அதனால்தான் அடியில் ஓப்லாட்டன் என்னும் மெல்லிய மாவுத் தகடு; அதையும் சேர்த்தே சாப்பிட வேண்டும்.

கே: மறுக்கிறேன். கயிற்றில் தொங்கும் இதய வடிவ லெப்குக்கன்தான் அசல்.

ப: அது மாவு மிகுந்த கெட்டிப் பண்டம், மேலே எழுதியிருக்கும் வாசகத்துக்காக வாங்குவது. வேண்டுமானால் சுவரில் மாட்டுங்கள். தின்பதற்கு எலிசன். 1996 முதல் 'நியூரம்பெர்க் லெப்குக்கன்' என்ற பெயர் ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, நகர எல்லைக்குள் செய்ததற்கு மட்டுமே அது செல்லும். பொட்டலத்தில் அதைப் பாருங்கள், சாக்லேட் பளபளப்பை அல்ல.

கே: அப்படியானால் எலிசன் கெட்டியாகாதா?

ப: காற்றுப் பட்டால் அதுவும் காயும். தகர டப்பாவில் ஓர் ஆப்பிள் துண்டோடு மூடி வையுங்கள். துண்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கே: ஜெர்மனியிலேயே பழமையானது இதுதானா?

ப: இல்லை. டிரெஸ்டன் சந்தை 1434-இல் தொடங்கியது. இங்கே கிடைத்த மூத்த சான்று 1628.

கே: எங்களுக்குச் சனி மட்டும்தான் ஓய்வு...

ப: சனி மாலைதான் வேண்டாம் என்றேன். காலை பத்துக்குத் திறந்ததும் போய்ப் பகலிலேயே கிளம்புங்கள்.

கே: பிள்ளைகளுக்குக் குடிக்க?

ப: கிண்டர்புன்ஷ் என்ற சூடான பழ பானம், மதுவில்லாதது. பலகையில் 'மிட் ஷுஸ்' என்றிருந்தால் ரம் போன்ற மது ஊற்றியது.