பிள்ளை படிக்கும் கல்லூரிப் பக்கம் போகும்போது மவுண்டன் பைக் ஓட்டப் பாதை கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் இந்த வருடம்தான் மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறாராம். வருடத்துக்கு மூன்று நான்கு முறை அந்தப் பக்கம் போகவேண்டி வரும். அவள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் தங்கும் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதில் மவுண்டன் பைக் (காட்டிலும் மலையிலும் மண் பாதைகளில் ஓட்டும் சைக்கிள்) ஓட்டலாமே, பழக்கமில்லாத ஊரில் பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார். எனக்காகவே கேட்டது மாதிரி இருக்கிறது. என் மகன் இப்போது மூன்றாம் வருடம். ஐந்து தடவை போய் வந்திருக்கிறேன். இரண்டு தடவை நன்றாக ஓட்டினேன், இரண்டு தடவை சுமார். ஒரு தடவை சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு படிக்கட்டு ஏறினேன். பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

வரைபடத்தைத் திறப்பதற்கு முன்னால் பிள்ளையின் டைம்டேபிளை வாங்கிவிடுங்கள். நாம் போவது பிள்ளையைப் பார்க்க. சைக்கிளுக்கு மிச்சம் இருப்பது அவர்களுடைய இடைவெளிகள் மட்டும். என் மகனுக்கு வியாழக்கிழமை மதியம் லேப். இரண்டு மணிக்கு உள்ளே போனால் ஐந்து மணிக்குத்தான் வெளியே வருவான். எனக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். வாடகை சைக்கிளை எடுத்து இருக்கையைச் சரிசெய்ய இருபது நிமிடம். பாதை தொடங்கும் இடத்துக்குப் போக அரை மணி, திரும்பி வர அரை மணி. பத்து நிமிடம் எப்படியும் எங்கேயாவது தொலையும். மீதி ஒன்றரை மணி. தெரியாத ஒற்றையடிப் பாதையில், நின்று நின்று பார்த்து ஓட்டினால், என் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர்தான். ஆகவே எனக்கு வேண்டியது பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாத, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேரும் ஒரு வட்டம். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் அந்த வட்டாரத்தின் 'மிகச் சிறந்த பாதை' எது என்ற கேள்வியே எழாது. சிறந்த பாதை பெரும்பாலும் ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் காடு நமக்குப் போதும்.

சரி, தேடும் விஷயம். டிரெயில்ஃபோர்க்ஸ் இந்த வேலைக்கென்றே இருக்கிற தளம். பாதையின் நீளம், ஏற்றம், கடினம், எந்தத் திசையில் ஓட்டவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் முதலில் பார்ப்பது இவை எதுவும் இல்லை, கடைசியாக யார் எப்போது குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்ற தேதியைத்தான். 'மரம் விழுந்து கிடக்கிறது', 'கீழ்ப்பகுதி முழுக்கச் சேறு' என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தால், அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருடமாக யாரும் ஒன்றும் எழுதாத பாதை புதர் மண்டிப் போயிருக்கலாம். பயனர்களே சேர்ந்து தொகுக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் உதவும். அதில் மலைப் பாதைகளுக்கு 0 முதல் 6 வரை கடின எண் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் எல்லாப் பாதைக்கும் யாராவது உட்கார்ந்து எண் கொடுத்திருக்க வேண்டுமே. வரைபடத்தில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் உயரக் கோடுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பாதை அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் கோடுகள் நெருக்கமாக இருந்தால், அங்கே தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

இப்போது படிக்கட்டுக் கதை. ஓட்டம், நடை, சைக்கிள் சவாரிகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் ஹீட்மேப் என்று ஒன்று உண்டு. பயனர்கள் பொதுவில் வைத்த பதிவுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆட்கள் அதிகம் போகிற தடத்தைப் பளிச்சென்று காட்டும். இரண்டாவது தடவை போனபோது அதைத் திறந்து பார்த்தேன். வளாகத்துக்குப் பின்னால் இருந்த குன்றின்மேல் ஒரு கோடு தங்கக் கம்பி மாதிரி மின்னியது. இவ்வளவு பேர் போகிறார்கள் என்றால் நல்ல பாதையாகத்தான் இருக்கும் என்று கிளம்பிவிட்டேன். முதல் அரைக் கிலோமீட்டர் அருமையான மண் பாதை. அதன்பிறகு ஒரு வளைவு. வளைவு தாண்டினால் மரக்கட்டைகளைக் குறுக்கே பதித்துச் செய்த படிகள். கொஞ்சம்தான் இருக்கும் என்று நினைத்துத் தோளில் தூக்கிக்கொண்டேன். நூற்றுப் பத்து வரை எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். வாடகை சைக்கிள் பதினைந்து கிலோ இருக்கும். ஒவ்வொரு படிக்கும் பெடல் வந்து முதுகில் இடித்தது. எனக்குப் பின்னால் ஓடி வந்த ஒரு பையன், காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "ஏதாவது ஆகிவிட்டதா?" என்று கவலையாகக் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். வேறென்ன சொல்வது?

மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு செல்பேசியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஹீட்மேப்பில் எல்லாச் செயல்பாடுகளும் என்பதைத் தேர்வு செய்திருந்தேன். ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களும் சேர்ந்து மின்ன வைத்த கோடு அது. சைக்கிளை மட்டும் தேர்ந்தெடுத்தேன், தங்கக் கம்பி காணாமல் போய்விட்டது. குன்றின் மறுபக்கத்தில், நான் கண்ணெடுத்தும் பார்க்காத இடத்தில், வேறொரு கோடு பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு மகன் ஐந்து மணிக்கு லேபிலிருந்து வந்து, ஐந்தே முக்கால் வரை விடுதி வாசலில் நின்றிருக்கிறான். "எங்கம்மா இருக்கே?" என்று மூன்று செய்தி. நான்காவதில் கேள்விக்குறி மட்டும்.

இதிலிருந்து உங்களுக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்று: ஹீட்மேப்பில் சைக்கிளை மட்டும் தேர்வு செய்துகொள்ளுங்கள். அப்படிச் செய்தாலும் அது ஆள் போகிறதா என்றுதான் சொல்லும், போகலாமா என்று சொல்லாது. ஒரு பாதையில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பது ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்தில் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டலாம் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்தது, நடைபாதைகளுக்கு அந்த உரிமை கிடையாது. பக்கத்திலேயே ஸ்காட்லாந்தில், 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான இடங்களில் ஓட்டலாம். அமெரிக்காவில் வில்டர்னஸ் (இயற்கை நிலை மாறாமல் காக்கும் பகுதி) என்று அறிவித்த காடுகளுக்குள் சைக்கிளே கூடாது. கல்லூரிகளுக்கே சொந்தமான ஆராய்ச்சிக் காடுகளை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி விதி. வட கரோலினாவில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகக் காட்டில் சைக்கிள் காட்டுச் சாலைகளோடு சரி, நடைபாதைகளில் கூடாது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்ட்-டன் காட்டிலோ சைக்கிளுக்குத் திறந்துவிட்ட பாதைகளே உண்டு. ஆகவே காட்டை நிர்வகிப்பவர்களின் இணையப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். இம்பா என்ற பன்னாட்டு மவுண்டன் பைக் சங்கம் 1988இல் உருவானதே பாதைகள் வரிசையாகச் சைக்கிளுக்கு மூடப்பட்டு வந்ததால்தான். நாம் ஒருவர் விதியை மீறுவது அந்த ஊரில் தினமும் ஓட்டுகிறவர்களின் தலையில்தான் விடியும்.

பாதை எவ்வளவு கடினம் என்று காட்டும் நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பனிச்சறுக்குச் சரிவுகளிலிருந்து இரவல் வாங்கிய முறை இது. இம்பா முறையில் வெள்ளை வட்டம் மிக எளிது, பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் நமக்கு வேண்டாம். பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று போகும். அங்கே நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு சிவப்பு இருக்கிறது, இம்பா முறையில் இல்லை. அதனால் இங்கே நீலம் ஓட்டினேன், அங்கேயும் நீலம் ஓட்டுவேன் என்று கணக்குப் போடக்கூடாது. ஒரே முறையைப் பின்பற்றும் இரண்டு ஊர்களுக்கு நடுவிலேயே வித்தியாசம் இருக்கும். பாறை நிறைந்த ஊரில் நீலம் என்று போட்டிருந்தால் எனக்கு அது கறுப்புதான். புதிய ஊரில் முதல் நாள் பச்சை ஓட்டிப் பார்த்து, அந்த ஊர்ப் பச்சை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே நீலத்துக்குப் போவேன்.

இத்தனை வரைபடங்களையும்விட எனக்கு அதிகம் உதவியது மனிதர்கள்தான். கல்லூரியில் சைக்கிள் கிளப் இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு நாள் சேர்ந்து ஓட்டுவார்கள், பெரும்பாலும் விருந்தாளிகளையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகாத சவாரிதானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். இருபது வயதுப் பிள்ளைகள் 'ஈஸி' என்று சொல்வதை இரண்டால் பெருக்கிக்கொள்ளவேண்டும். சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் கேட்டால் இன்னும் நல்லது. அங்கே 'நல்ல பாதை எது?' என்று கேட்டால் அவர்களுக்குப் பிடித்த பாதையைச் சொல்வார்கள், அது நம் எலும்புக்கு ஆகாது. நான் இப்படிக் கேட்பேன்: "பன்னிரண்டு வயதுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் எங்கே போவீர்கள்?" உடனே முகம் மாறும், யோசிப்பார்கள், ஒரு தாளை எடுத்து வரைந்தே காட்டிவிடுவார்கள். மூன்றாவது தடவை போனபோது அப்படிக் கிடைத்த பாதைதான் இன்று வரை நான் திரும்பத் திரும்பப் போகிற பாதை. ஓடையை ஒட்டிப் போய், பைன் மரங்களுக்கு நடுவில் ஏறி, நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும் பதினொரு கிலோமீட்டர். எந்தப் பட்டியலிலும் அது முதல் பத்தில் வராது.

சொந்த சைக்கிளைக் கொண்டு போவதா, வாடகையா? காரில் போகிறீர்கள் என்றால் உங்களுடையதையே கொண்டு போங்கள். விமானம் என்றால் நான் வாடகைப் பக்கம். மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை, அந்த அளவு பெரிய பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வாடகைக்கு எடுப்பதென்றால் ஹெல்மெட்டும் கையுறையும் உங்களுடையதாக இருக்கட்டும். அப்புறம் ஒரு நூல். சிரிக்காதீர்கள். வீட்டில் என் சைக்கிளின் பெடல் அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை நூலைப் பிடித்து, சரியான உயரத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். கடையில் நூலைப் பிடித்து இருக்கையை முடிச்சுக்கு ஏற்றினால் முடிந்தது, அரை மணி நேரம் ஏற்றி இறக்கிப் பார்க்கும் வேலை மிச்சம். சஸ்பென்ஷனில், அதாவது குலுக்கலைத் தாங்கும் பகுதியில், காற்றை உங்கள் எடைக்கு ஏற்ப வைக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை எனக்கு முன்னால் எடுத்தவர் நல்ல கனமான ஆளாக இருந்திருக்கவேண்டும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இரும்புக் கம்பி மாதிரி அசையவே இல்லை. பையை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தால், மொத்த அசைவில் சுமார் இருபதிலிருந்து முப்பது சதவீதம் வரை உள்ளே இறங்கவேண்டும்.

பிள்ளை வெளிநாட்டில் படித்தால் பிரேக்கைச் சோதித்துப் பார்க்காமல் நகராதீர்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பானில் முன் பிரேக் பொதுவாக வலது கையில் இருக்கும். அமெரிக்காவில் இடது கையில். இறக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் கைப்பிடியைத் தாண்டிப் போய் விழுவோம். கடை வாசலிலேயே மெதுவாக உருட்டி இரண்டு கையையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள்.

மழை பெய்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். களிமண் பாதையில் டயர் பதிந்த பள்ளம் காய்ந்ததும் அப்படியே இறுகிப்போகும். பாதை போட்டவர்கள் மண்வெட்டியோடு வந்து சரிசெய்யவேண்டும். திரும்பிப் பார்க்கும்போது உங்கள் டயர் பள்ளம் விட்டுக்கொண்டு வருகிறது என்றால் அங்கேயே திரும்பிவிடலாம்.

நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். அதனால் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்னாலேயே இறக்கிக்கொள்வேன். பாதையின் பெயர், எத்தனை மணிக்கு வெளியே வருவேன், அதற்கு மேல் எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று மகனுக்கு ஒரே செய்தியில் அனுப்பிவிடுவேன். "4.15க்கு வந்துவிடுவேன். 5 வரை பொறு. 5.01க்கு யாரையாவது கூப்பிடு." அவனுக்கு இது பிடித்திருக்கிறது. விடுதிக்கு வீட்டிலிருந்து வந்த கட்டுப்பாடெல்லாம் இத்தனை நாள் அவனுக்குத்தானே இருந்தது.

படிக்கட்டு விஷயத்தில் ஒரு மிச்சம் உண்டு. போன தடவை ஹீட்மேப்பைச் சைக்கிளுக்கு மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குன்றின்மேல், படிகள் இருக்கும் அதே இடத்தில், மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது. என்னைப் போல இன்னும் எத்தனை பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்களோ. நான் அன்றைக்குப் பதிவை நிறுத்த மறந்து, அது 'சைக்கிள் சவாரி' என்றே பொதுவில் கிடந்தது. அதைத் தேடி எடுத்து 'எனக்கு மட்டும்' என்று மாற்றிவிட்டேன்.