நகரத்தைப் பிடிப்பது எப்படி? தடைக்காலக் கேள்வி பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன், மண்டபம் பக்கத்துத் தம்பிகளுக்குக் கையில் நேரம் இருக்கிறது, கேள்விகளும் வந்து குவிந்துவிட்டன. எல்லாமே சிவிலைசேஷன் 6 என்ற வீடியோ கேம் பற்றியவை; நாடு கட்டி, படை நடத்தி, டர்ன் டர்னாக (முறைவைத்து) ஆடும் கேம் அது. 'ரைஸ் அண்ட் ஃபால்', 'கேதரிங் ஸ்டார்ம்' என்ற கூடுதல் தொகுப்புகள் இரண்டும் சேர்த்து ஆடுபவர்களுக்காகப் பதில் சொல்கிறேன்.

தேவிபட்டினம்: அண்ணே, ஆறு வில்லாளிகளை நிறுத்தி அடித்தேன். நகரத்தின் பலம் முழுக்கக் காலி ஆகிவிட்டது. அப்படியும் நகரம் என் கைக்கு வரவில்லை. கேமில் கோளாறா?

கோளாறு இல்லை தம்பி. வில்லாளி, கல்லெறியும் கேட்டபல்ட், விமானம் எல்லாம் தூரத்திலிருந்து அடிக்கும், உள்ளே நுழையாது. வாள்வீரரோ ஈட்டிக்காரரோ குதிரைப்படையோ, கைகலப்பில் இறங்கும் ஒரு யூனிட் (படைப்பிரிவு) நகரம் இருக்கும் அறுகோணக் கட்டத்தில் கால் வைத்தால்தான் நகரம் உங்களுடையது.

இதை நம் ஆட்கள் எப்போதோ பிரித்துச் சொல்லிவிட்டார்கள். தொல்காப்பியம் கோட்டைப் போரைப் பாடும் உழிஞைத் திணைக்கு இலக்கணம் சொல்லும்போது 'முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்' என்கிறது. முற்றல் என்றால் வளைத்துக்கொள்வது, கோடல் என்றால் எடுத்துக்கொள்வது. இரண்டும் தனித்தனி வேலை, இரண்டுக்கும் தனித்தனி ஆள் வேண்டும். நீங்கள் முற்றலுக்கு ஆறு பேரை அனுப்பியிருக்கிறீர்கள், கோடலுக்கு ஒருவரும் இல்லை. படை கிளம்பும்போதே உள்ளே நுழையப்போவது யார் என்று முடிவு செய்து, அந்த யூனிட்டை அடிபடாமல் பின்னால் வைத்துக் கூட்டிப்போங்கள்.

ராமநாதபுரம்: என் வாள்வீரர்கள் நல்ல பலத்தோடு இருக்கிறார்கள். மதிலில் மோதினால் கீறல்கூட விழவில்லை, இவர்கள்தான் சாகிறார்கள். ஏன்?

மதில் நிற்கும்வரை வாள்வீரரின் அடியில் 15 சதவீதம்தான் அதில் இறங்கும். வில்லாளியின் அடியில் பாதி இறங்கும். கேட்டபல்ட் மாதிரி முற்றுகைக் கருவி மட்டும்தான் முழு அடி கொடுக்கும். நகரத்துக்குப் பலம் 200. பழைய கால மதில் அதற்கு மேல் 100, இடைக்கால மதில் இன்னொரு 100, மறுமலர்ச்சிக் கால மதில் மேலும் 100. மூன்றும் எழும்பிய நகரத்தில் வாளோடு போய் மோதுவது ஆட்களை வீணாக்குவதுதான்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மதில் எழும்புவதற்கு முன்பே போய்விடுவது. மதில் இல்லாத நகரம் திருப்பிச் சுடாது. இன்னொன்று, ரேம். 'மேசனரி' கண்டுபிடித்ததும் மதில் கட்டலாம், அதே கண்டுபிடிப்பில் மதிலை இடிக்கும் ரேமும் கிடைக்கும். நகரத்தை ஒட்டிய கட்டத்தில் ஒரு ரேம் நின்றால் போதும், சுற்றி நிற்கும் எல்லா வாள்வீரரின் அடியும் முழுதாக இறங்கும். ரேம் எடுபடுவது பழைய கால மதிலில் மட்டும்தான். இடைக்கால மதில் வந்துவிட்டால் ஆட்களை மதில் தாண்டவைக்கும் சீஜ் டவர், அதற்கு அப்புறம் குண்டு போடும் பீரங்கி.

கீழக்கரை: காக்கா (அண்ணே), ரேம் கொண்டுபோய் நிறுத்தியும் என் குதிரைப்படை அடிக்கிற அடி மதிலில் ஏறவில்லையே?

ரேமின் உதவி வாள்வீரர் வகைக்கும் ஈட்டிக்காரர் வகைக்கும் மட்டும்தான். குதிரைக்குக் கிடையாது. குதிரையைச் சுற்றியுள்ள பண்ணைகளைச் சூறையாட விடுங்கள். ஒரு பண்ணையைச் சூறையாடினால் அந்த யூனிட்டுக்கு 50 பலம் திரும்பக் கிடைக்கும்.

மண்டபம்: அண்ணே, எவ்வளவு அடித்தாலும் அடுத்த டர்னில் நகரம் மறுபடி தேறிவிடுகிறது. இரண்டு கேட்டபல்ட் வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு செய்யட்டுமா?

வேண்டாம். நகரத்தைச் சுற்றி வளைத்தீர்களா? இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்லாமல் யாரும் கேட்டபல்ட் செய்ய உட்காராதீர்கள்.

வளைக்காத நகரம் ஒவ்வொரு டர்னும் 20 பலம் தேறும். ஒட்டியுள்ள ஆறு கட்டமும் உங்கள் பிடிக்குள் வந்துவிட்டால் அது நின்றுவிடும். நானும் இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கரையோரத்தில் ஒரு நகரம். தரைப்பக்கம் நாலு கட்டத்திலும் ஆள் நிறுத்திவிட்டேன். கடல் பக்கம் இரண்டு கட்டம், ஒன்றில் பழைய கேலி கப்பல் ஒன்று நின்றது, பக்கத்துக் கட்டமும் அதன் பிடியில் இருந்தது. எதிரி அந்தக் கப்பலை மூழ்கடித்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு தாளில் ஒவ்வொரு டர்னும் நகரத்தின் பலத்தை எழுதிக்கொண்டே வந்தேன். 140, 160 ஆனது. அடித்து 125க்குக் கொண்டுவந்தேன், 145 ஆனது. தாளைப் பார்த்த பிறகுதான் கடல் பக்கம் திறந்துகிடப்பது தெரிந்தது. கரைவலை இழுத்தவர்களுக்கு இது புரியும். ஒரு பக்கத்துக் கயிறு தளர்ந்தால் மடியில் மீன் தங்காது.

வளைக்க ஆறு யூனிட் வேண்டும் என்று பயப்படாதீர்கள். வாள்வீரரும் ஈட்டிக்காரரும் தாங்கள் நிற்கும் கட்டத்தோடு ஒட்டிய கட்டங்களையும் பிடியில் வைத்திருப்பார்கள். சமவெளியில் இருக்கும் நகரம் என்றால் நேர் எதிரெதிரே இரண்டு பேர் போதும், ஆறு கட்டமும் அடங்கிவிடும். வில்லாளிக்கும் கேட்டபல்டுக்கும் இந்தப் பிடி கிடையாது, அவர்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். கடல் கட்டத்துக்குக் கப்பல்தான் வேண்டும்.

திருப்புல்லாணி: எந்த நாட்டை எடுத்தால் சீக்கிரம் ஜெயிக்கலாம்?

அது இந்தப் பகுதிக்கான கேள்வி இல்லை. எந்த நாடானாலும் வளைக்கும் முறை ஒன்றுதான்.

பாம்பன்: தரைப்படையே வேண்டாம் என்கிறேன். ஃபிரிகேட் கப்பல் நாலு, கேரவெல் கப்பல் ஒன்று இருந்தால் கரையோர நகரம் எல்லாம் என் கையில். நீங்கள் ஏன் எப்போதும் வாள்வீரரையே சொல்கிறீர்கள்?

நீங்கள் சொல்வது சரி, கடற்கரையை ஒட்டிய நகரம் என்றால். ஃபிரிகேட் இரண்டு கட்டம் தள்ளி நின்று அடிக்கும், கேரவெல் உள்ளே நுழைந்து நகரத்தை எடுக்கும். ஆனால் நகரம் ஒரு கட்டம் உள்ளே தள்ளி இருந்தால் கேரவெல்லால் தொட முடியாது.

ராமநாதபுரம் (மேலே கேட்டவர்): பாம்பன்காரர் சொல்வது விளையாட்டுக்கு மட்டும்தான் ஒத்துவரும். கிழவன் சேதுபதி போகலூரை விட்டுவந்து இங்கே கட்டிய கோட்டையை 1772இல் ஆற்காட்டு நவாப்பும் ஆங்கிலேயக் கும்பினியும் பீரங்கியை இழுத்துக்கொண்டு தரைவழியாக வந்துதான் பிடித்தார்கள். கப்பல் எங்கே?

பாம்பன்: ராஜேந்திர சோழன் கடாரத்தை எதில் போய்ப் பிடித்தான்? மாட்டுவண்டியிலா?

தொண்டி: இருவரும் பொறுங்கள். பிடித்தான் சரி, வைத்துக்கொண்டானா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தொண்டிக்காரர் கேட்டதுதான் இந்த முழுச் சண்டையிலும் எனக்குப் பிடித்த கேள்வி. மற்றவர்கள் கொஞ்சம் காத்திருங்கள், இதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

1025இல் ராஜேந்திரன் கடாரம் உள்ளிட்ட ஸ்ரீவிஜய அரசின் மேல் கடல் கடந்து படை அனுப்பினான். அவன் புகழ் சொல்லும் கல்வெட்டுப் பாட்டான மெய்க்கீர்த்தியிலேயே 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று இருக்கிறது. அதுவரை பாம்பன் பக்கம் நியாயம். ஆனால் அதே மெய்க்கீர்த்தியைத் தொடர்ந்து படியுங்கள். கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவன் யானைகளோடு பிடித்தது, குவித்து வைத்திருந்த செல்வத்தை அள்ளியது, தலைநகரத்துப் போர்வாயிலில் இருந்த வித்தியாதர தோரணத்தைக் கைப்பற்றியது, அப்புறம் வரிசையாக ஊர் ஊராகப் பெயர் வருகிறது. வாயிலையும் யானையையும் கப்பலில் நின்றபடி எடுக்க முடியாது. கலம் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, இறங்கி நடந்தவர்கள் எடுத்தார்கள். இந்த அளவில் ராமநாதபுரத்தாருக்கும் நியாயம் உண்டு.

தொண்டிக்காரரின் கேள்விக்கு வருவோம். 'கடாரம் கொண்டான்' என்ற பட்டத்தில் 'கொண்டான்' இருக்கிறது. ஆனால் அங்கே சோழ ஆட்சி நிலைத்து நடக்கவில்லை. ஸ்ரீவிஜயத்தை அடித்தார்கள், பொருளோடும் பேரோடும் திரும்பினார்கள். கேமில் இதையே செய்யலாம். தூரத்தில் இருக்கும் நகரத்தைச் சூறையாடிவிட்டு வந்துவிடுங்கள், வைத்துக்கொள்ள முயன்று இருக்கிற படையையும் இழக்காதீர்கள். இந்தக் கேமின் 7ஆம் பாகத்தில் சோழர்களையே சேர்த்திருக்கிறார்கள், பாம்பன் தம்பி அவர்களை எடுத்து ஆடிப் பார்க்கலாம்.

பாம்பன்: அப்போ கப்பல் பெரியதா, படை பெரியதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது தம்பி. நகரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

பரமக்குடி: எவ்வளவு அடித்தாலும் நகரம் தேறுகிறது, என்ன செய்ய?

மண்டபத்தாருக்குச் சொன்னதைப் படியுங்கள். சுற்றி வளைத்தீர்களா?

ஏர்வாடி: பிடித்த நகரம் ஏழாவது டர்னில் கலகம் செய்து சுதந்திர நகரம் ஆகிவிட்டது. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்தது வீண்தானா?

விசுவாசம் குறைந்து சைபருக்குப் போனால் நகரம் போய்விடும். ஒன்பது கட்டத்துக்குள் இருக்கும் மற்ற நகரங்களின் மக்கள்தொகைதான் அதை இழுக்கிறது. எதிரி நாட்டின் நடுவில் ஒரே ஒரு நகரத்தைப் பிடித்தால் சுற்றியுள்ளவை எல்லாம் அதைத் தங்கள் பக்கம் இழுக்கும். பிடித்த கையோடு ஓர் ஆளுநரை அனுப்புங்கள், டர்னுக்கு 8 விசுவாசம் கூடும். அது போதாது என்றால் பக்கத்து நகரத்தையும் உடனே பிடிக்க வேண்டும். அதனால் முதல் நகரத்துக்குப் போகும்போதே இரண்டாவதையும் குறித்துக்கொள்ளுங்கள். எப்படியும் கலகம் செய்யும் என்று தெரிந்தால் பிடித்ததும் அழித்துவிடலாம், ஒரு நாட்டின் முதல் தலைநகரை மட்டும் அழிக்க முடியாது.

உச்சிப்புளி: ஆர்ட்டிலரி மூன்று கட்டம் அடிக்கும் என்றார்கள், எனக்கு இரண்டுதான் வருகிறது.

மூன்று கட்டம் 5ஆம் பாகத்தில். 6இல் இரண்டுதான். பக்கத்தில் அப்சர்வேஷன் பலூன் நிறுத்தினால் ஒன்று கூடும்.

தங்கச்சிமடம்: போனில் ஆடும்போது சூடாகி நின்றுவிடுகிறது.

போன் கடையில் காட்டுங்கள். அது எனக்குத் தெரிந்த வேலை இல்லை.

சாயல்குடி: ஆறு வில்லாளிகளை வைத்து அடித்தேன், நகரம்...

முதல் பதில். இதற்கு மேல் இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

தேவிபட்டினம் (முதலில் கேட்டவர்): அண்ணே, வாள்வீரரோடு போனேன், நகரம் விழுந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த ராணுவ முகாம் இன்னும் சுடுகிறது.

நல்லது. முகாமுக்கும் தனி மதில், தனிப் பலம். நகரம் கைக்கு வந்ததும் அதற்குச் சேர்ந்த முகாமும் உங்களுக்கு வந்துவிடும். இன்னும் சுடுகிறது என்றால் அது வேறொரு நகரத்தின் முகாம். மதிலை உடைத்து ஒரு வாள்வீரரை அதன்மேல் ஏற்றினால் வாயை மூடும்.

மண்டபம்: நீங்கள் சொன்னபடி இரண்டு வாள்வீரர்களை நேர் எதிரே நிறுத்தினேன். இன்னமும் 20 தேறுகிறது. படம் அனுப்பியிருக்கிறேன்.

படம் பார்த்தேன். உங்கள் நகரத்தின் மேற்குப் பக்கம் ஆறு ஓடுகிறது. யூனிட்டின் பிடி ஆற்றைத் தாண்டிப் போகாது, அதனால் அக்கரையில் ஒரு கட்டம் திறந்தே கிடக்கிறது. பின்னால் சும்மா நிற்கும் ஈட்டிக்காரரை அக்கரைக்கு அனுப்புங்கள். இரண்டு டர்ன் ஆகும். அதுவரை கேட்டபல்டைச் சுடவிடாதீர்கள், நகரம் அதைத் திருப்பி அடிக்காத தூரத்தில் பின்னுக்கு இழுத்து வையுங்கள்.