பள்ளியில் சமர்த்து, வீட்டுக்கு வந்ததும் புயல்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, ஆட்டிசம் உண்டு. பள்ளியில் ஒரு புகாரும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பையை வீசுகிறான், கத்துகிறான், தங்கையை அடிக்கிறான். ஒரு மையத்தில் 'கோபக் கட்டுப்பாட்டுப் பயிற்சி' என்று 6 மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஆறு மாதத்தில் கோபம் போய்விடும் என்று, உங்கள் பையனைப் பார்ப்பதற்கு முன்பே சொல்பவர்களுக்கு அவனைப் பற்றி எதுவும் தெரியாது. பயிற்சி நடக்கும்போது பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம், சொட்டு மருந்தில் ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம் என்று கிளம்பியவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சொட்டுகளில் சில குளோரின் டை ஆக்சைடு, அதாவது வெளுப்பான். அதைக் குடிக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் எச்சரித்தது.

சரி, பையனுக்கு வருவோம். மணிச்சத்தம், நாற்காலி இழுபடும் ஓசை, கண்ணைக் கூசும் விளக்கு, வரிசையில் உரசும் தோள்கள். இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிட்டு வருகிறான். வீடு அவனுக்குப் பயமில்லாத இடம், அதனால் அடக்கிவைத்ததெல்லாம் அங்கே உடைகிறது. இது அடம் இல்லை. அடம் பிடிக்கும் குழந்தை பெரும்பாலும் கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும். இவனால் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் அரை மணி நேரம் கேள்வியே கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" கூட வேண்டாம். தண்ணீர், ஏதாவது தின்ன, கழிப்பறை. பசியும் சிறுநீரும் முட்டும்வரை உணராத குழந்தைகள் இவர்களில் நிறைய. அப்புறம் மங்கிய வெளிச்சத்தில் அவனுக்குப் பிடித்த ஒரு மூலை. வீட்டுப்பாடம் பிறகுதான். கத்தத் தொடங்கிவிட்டால் புத்தி சொல்லாதீர்கள், அந்த நேரத்தில் காதில் ஏறாது. கூரான, கனமான பொருள்களை அகற்றிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் இருங்கள். உணர்வுகளுக்குப் பெயர் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அமைதியான வேறொரு நேரத்தில், படங்களை வைத்து.

மருந்து எதுவும் கொடுப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஆட்டிசத்தோடு ஏ.டி.எச்.டி.யும் (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) சேர்ந்து, காலையில் அதற்கான மெத்தில்பெனிடேட் மருந்தை எடுக்கும் குழந்தைகளுக்கு மருந்தின் வேகம் இறங்கும்போது எரிச்சல் பொங்கலாம். குறுகிய நேர வகை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும், நீண்ட நேர வகை 8 முதல் 12 மணி நேரம்வரை. மருந்து கொடுத்த நேரம், வெடித்த நேரம், தூங்கிய நேரம் மூன்றையும் ஒரு வாரம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக அளவைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. பக்கத்துவீட்டுக் குழந்தைக்குக் கொடுத்த அளவு உங்களுக்கு உதவாது. இதைக் கவனிக்காமல் 'கோபக்காரப் பிள்ளை' என்று பெயர் வாங்கிய குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஆத்திரம் வருவது பள்ளிகளின் மேல்தான். "இங்கே நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிக் கையைக் கழுவுகிறார்கள். சத்தம் போடாத குழந்தைக்கு உதவி தேவையில்லை என்பது அவர்கள் கணக்கு. வாய்மொழியாகக் கேட்டால் நடக்காது, எழுதிக் கொடுங்கள்: நடுவில் இரண்டு முறை 5 நிமிட ஓய்வு, சத்தம் குறைக்கும் காதுமூடிக்கு அனுமதி, கடைசி மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வகுப்பை விட்டுக் கிளம்ப அனுமதி. தேதியிட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

அவன் வீட்டுக்கு வந்த அந்த முதல் அரை மணி நேரம் தங்கை வேறு அறையில், வேறு ஒரு பெரியவருடன் இருக்கட்டும்.