திருடனைவிட வாய்க்காலுக்குத்தான் பயப்பட வேண்டும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மனைவிக்கு இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாஸ்டன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பத்து மைல் தள்ளி ஒரு கிராமத்தில் தோட்டத்தோடு வீடு வாடகைக்கு வருகிறது. சுற்றிலும் வயல், தெருவிளக்கு கிடையாது. அவர் நைட் டூட்டி போனால் நீங்களும் மூன்று வயதுப் பையனும் மட்டும்தான். "அங்கே குற்றம் எவ்வளவு? நம் ஆட்கள் ஒருவர்கூட இல்லாத ஊரில் இருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பாஸ்டன்தான் இங்கிலாந்திலேயே கொலை அதிகம் நடக்கும் ஊர் என்று எங்கேயோ படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் திருவாரூர்க்காரி. 2003-ல் நர்ஸாக வந்தேன். பாஸ்டனுக்கும் ஸ்போல்டிங்குக்கும் நடுவில், அறுநூறு பேர் இருக்கிற ஒரு ஊரில் பதினைந்து வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். ஊர்ப் பேர் வேண்டாம். நீங்கள் சொல்லும் வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் முட்டைக்கோஸ் வயல் தவிர வேறெதுவும் இருக்காது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தக் கொலைக் கதை. அது 2016 தொடக்கத்தில் வந்த செய்தி. கொலையையும் கொலை முயற்சியையும் சேர்த்து எண்ணி, லட்சம் பேருக்கு இத்தனை என்று வகுத்து, பாஸ்டனை முதலிடத்தில் வைத்துப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அப்போது பாஸ்டன் வட்டாரத்தின் மொத்த ஜனத்தொகை எழுபதாயிரத்தைத் தொடவில்லை. இவ்வளவு சின்ன ஊரில் ஒரு வருஷம் நாலைந்து சம்பவம் கூடினாலே விகிதம் எகிறிவிடும். அடுத்த வருஷம் அதே வேகத்தில் இறங்கியும் விடும். அந்த ஒரு தலைப்பு மட்டும் இன்னும் வலையில் சுற்றிக்கொண்டு புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து மிரட்டுகிறது. அன்றைக்கு என் அம்மாவையும் மிரட்டியது.

கிராமத்துக் கணக்கு பார்க்க வேண்டுமானால் போலீஸே ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. போலீஸ்.யூகே என்ற தளத்தில் வீட்டின் போஸ்ட்கோடைப் போட்டால் மாதவாரியாகக் குற்றங்கள் புள்ளி புள்ளியாக வரும். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். புள்ளி இருக்கிற இடத்திலேயே குற்றம் நடந்தது என்று அர்த்தமில்லை. யார் வீடு என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பக்கத்தில் ஒரு பொது இடத்தில் குத்தி வைப்பார்கள். அப்புறம், "வன்முறையும் பாலியல் குற்றங்களும்" என்ற தலைப்புதான் பெரும்பாலும் மேலே நிற்கும். அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். அடிதடி மட்டுமில்லை, காயமே படாத தள்ளுமுள்ளு, தொல்லை கொடுப்பது, மிரட்டி மெசேஜ் அனுப்புவது எல்லாமே அந்த ஒரு தலைப்பில்தான் விழும். அதில் நிறைய, வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி, பழைய காதலன் காதலி சமாசாரம். பன்னிரண்டு மாதத்தைத் திறந்து பாருங்கள். ஒரு மாதத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

எங்கள் ஊரில் திருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நினைக்கிற திருட்டு இல்லை. இங்கே திருடனுக்கு வேண்டியது டிராக்டரின் ஜிபிஎஸ் கருவி. கைக்கு அடக்கமான பெட்டி, ஆயிரக்கணக்கான பவுண்டு விலை. அடுத்தது விவசாயிகள் ஓட்டும் நாலு சக்கரக் குவாட் பைக். இதைத் தடுப்பதற்கென்றே 2023-ல் தனிச் சட்டம் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சர்ச்சுகளின் கூரை ஈயத்தைக்கூட உரித்துக்கொண்டு போவார்கள். அப்புறம் தோட்டத்து ஷெட்டில் இருக்கும் சைக்கிள், புல்வெட்டும் மெஷின்.

எங்கள் வீட்டில் போனது எண்ணெய். நீங்கள் பார்க்கிற வீட்டிலும் கேஸ் லைன் இருக்காது, தோட்டத்தில் பச்சை நிறத் தொட்டி ஒன்று நிற்கும். வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு அதிலிருந்துதான் எண்ணெய். 2022 மார்ச்சில் உக்ரைன் போர் தொடங்கி விலை கண்டபடி ஏறியபோது, ஒரு ராத்திரி யாரோ குழாயை விட்டு உறிஞ்சிவிட்டார்கள். காலையில் வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. பாய்லர் ரிப்பேர் என்றுதான் முதலில் நினைத்தோம். 101-க்கு போன் செய்து குற்ற எண் வாங்கினோம், அதை வைத்து இன்சூரன்ஸ் பணம் வந்தது. அதற்கப்புறம் தொட்டிக்குப் பூட்டு, மேலே ஒரு சென்சார் விளக்கு. முழுத்தொட்டி நிரப்புவதில்லை, பாதிதான். பதினைந்து வருஷத்தில் எங்களுக்கு நடந்த குற்றம் இது ஒன்றுதான்.

101 என்பது அவசரமில்லாத போலீஸ் எண். உயிருக்கு ஆபத்து, திருடன் இப்போதே நிற்கிறான் என்றால் 999. வாய் திறந்து பேச முடியாத நிலையில் மொபைலிலிருந்து 999 அடித்துவிட்டு, கேட்கும்போது 55 அழுத்தினால் போலீஸுக்கு இணைப்பார்கள். மனைவிக்கும் சொல்லி வையுங்கள். ஆனால் ஒன்று: 55 அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடாது. முடிந்தவரை பேசவோ, இருமவோ, தட்டவோ வேண்டும்.

நம் ஊரில் ஸ்டேஷன் மூன்றாவது தெருவில் இருக்கும். இங்கே அப்படி நினைக்காதீர்கள். லிங்கன்ஷயர் போலீஸின் எல்லை சுமார் 5,900 சதுர கிலோமீட்டர். தஞ்சாவூர் மாவட்டத்தைவிடப் பெரியது. போலீஸ்காரர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆம்புலன்ஸும் அந்தத் தூரத்திலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் பல கிராமங்களில் பழைய சிவப்பு டெலிபோன் கூண்டுக்குள் மாரடைப்புக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் மாட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

துப்பாக்கிச் சத்தம் கேட்கும். பயப்படாதீர்கள். நான் வந்த முதல் வருஷம் விடிகாலையில் டமார் டமார் என்று சத்தம், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை. பையனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டேன். கடைசியில் தைரியம் வந்து பக்கத்து வீட்டுக் கிழவரிடம் கேட்டால், "புறாவை விரட்டுகிற கேஸ் வெடி அம்மா அது" என்று சிரிக்கிறார். பட்டாணி வயலிலும் கடுகு வயலிலும் தானாக வெடிக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். நம் ஊரில் தகரம் தட்டிக் குருவி ஓட்டுகிற மாதிரி. அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி மாதிரிப் பறவையின் வேட்டை. அது நிஜத் துப்பாக்கி, போலீஸ் லைசென்ஸோடு.

ஒரு கூட்டத்துக்குக் கிட்டே மட்டும் போகாதீர்கள். அறுவடை முடிந்த வயலில், குளிர்காலத்தில், ஜீப்பும் ஒல்லியான வேட்டை நாய்களுமாக ஒரு கூட்டம் வந்து முயல் துரத்தும். ஹேர் கோர்சிங் என்பார்கள். எந்த நாய் முந்தும் என்று பெரிய தொகைக்குப் பந்தயம். 2004 சட்டத்திலேயே தடை. 2022-ல் தண்டனையைக் கூட்டினார்கள், ஆறு மாதம் ஜெயில் வரை போகலாம். லிங்கன்ஷயர் போலீஸ் இதற்கென்றே ஆபரேஷன் கலிலியோ என்று நடத்துகிறது. தடுக்கப் போன விவசாயிகளை அடித்திருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். பார்த்தால் வீட்டுக்குள் வந்து 999. படம் எடுக்கிறேன் என்று வேலி ஓரம் நிற்க வேண்டாம்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். ஃபென்ஸ் என்று சொல்லும் இந்தத் தாழ்வான பூமி முழுக்க ஒரு காலத்தில் சதுப்பு. 17ஆம் நூற்றாண்டிலிருந்து வாய்க்கால் வெட்டி வெட்டித் தண்ணீரை வடித்து வயலாக்கினார்கள். நம் டெல்டாவில் தண்ணீரைக் கொண்டுவர வெட்டினார்கள், இங்கே தண்ணீரை விரட்ட. சின்னதை டைக் என்பார்கள், பெரியதை ட்ரெயின், ரயில் இல்லை, வடிகால். சவுத் ஃபார்ட்டி ஃபுட் ட்ரெயின் என்று ஒன்று பாஸ்டனில் வந்து சேருகிறது, நம் வெட்டாறு மாதிரி இருக்கும். எங்கள் ரோடுகளில் பாதி இந்த வாய்க்கால் கரையோடு ஓடுகிறது. பல இடத்தில் தடுப்புக் கம்பி இல்லை, விளக்கு இல்லை. அடியில் கரிமண் காய்ந்து சுருங்குவதால் ரோடு அலை அலையாக இருக்கும். அதில் வேக வரம்பு பல இடங்களில் மணிக்கு 60 மைல். அது வரம்புதான், அந்த வேகத்தில் போக வேண்டும் என்று கட்டளை இல்லை. இதைப் புதிதாக வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் கிராமப்புற ரோடுகளில்தான் சாகிறார்கள். எனக்குத் தெரிந்த மலையாளி நர்ஸ் ஒருத்தி, பன்னிரண்டு மணி நேர டூட்டி முடிந்து பனிமூட்டத்தில் வந்தவள், வளைவைத் தவறவிட்டு டைக்கில் இறங்கினாள். கோடையாக இருந்ததால் தண்ணீர் குறைவு. நனைந்த யூனிஃபார்மோடு ஏறி வந்தாள். எல்லோருக்கும் அப்படி அமையாது.

அதனால் மனைவி இந்திய லைசென்ஸில் உடனே நைட் டூட்டிக்கு ஓட்ட வேண்டாம். வந்ததிலிருந்து 12 மாதம் அதில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்து கிடக்கும் கரும்பனி சட்டத்துக்குத் தெரியாது. முதல் குளிர்காலம் முடியும் வரை டவுனுக்குள்ளேயே ஒரு சின்ன வீட்டில் இருந்துவிட்டு, நாலு பாடம் எடுத்துக்கொண்டு, அப்புறம் கிராமத்துக்கு வருவது என் யோசனை. குறுக்கு வழி என்று மேப் காட்டும் ட்ரோவ் பாதைகளில் ராத்திரி போகவே கூடாது. வயலுக்குப் போகும் மண்பாதை அது, சிக்னலும் சில இடத்தில் கிடைக்காது. நடந்து போவதானால் எதிரே வண்டி வரும் பக்கமாக, பளபளக்கும் சட்டை போட்டு.

நிறத்தைப் பற்றிக் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள், வரிக்கு நடுவில் தெரிகிறது. சொல்கிறேன். 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற நாட்டிலேயே அதிக விகிதத்தில் ஓட்டுப் போட்டது பாஸ்டன், 75.6 சதவீதம். வயல் வேலைக்குக் கிழக்கு ஐரோப்பியர்கள் ஆயிரக்கணக்கில் வந்த ஊர் இது, அந்தக் கோபம். அந்த வாரம் கடையில் வரிசையில் நின்றபோது ஒரு ஆள், "என்ன, பெட்டி கட்டியாச்சா?" என்றான். பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் பின்னால் நின்ற கிழவி, நான் முன்பு வார்டில் பார்த்துக்கொண்டவள், அவனைப் பிடித்த பிடியில் அவன் பாலை வைத்துவிட்டுப் போய்விட்டான். 2024 ஆகஸ்டில் சவுத்போர்ட் கொலைகளுக்குப் பிறகு பல நகரங்களில் கலவரம் நடந்தபோது அம்மா தினம் மூன்று தடவை போன் செய்தாள். எங்கள் ஊரில் அந்த வாரம் கோதுமை அறுவடை. ஆனாலும் டவுனுக்குத் தனியாகப் போக நானும் யோசித்தேன், மறைக்க மாட்டேன்.

கிராமத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். முதலில் எரிச்சலாக இருக்கும். திரைச்சீலை பத்து மணிவரை திறக்கவில்லை என்று கிழவர் கதவைத் தட்டுவார். நெய்பர்ஹுட் வாட்ச் என்ற ஏற்பாடே 1982-ல் செஷயரில் மோலிங்டன் என்ற ஒரு கிராமத்தில்தான் இந்த நாட்டில் தொடங்கியது. நம் திண்ணைக் கண்காணிப்புக்குப் பலகை மாட்டியது போல. நீங்கள் குடிபோன வாரமே நாலு பக்கத்து வீட்டிலும் தட்டி, பையனைக் காட்டி, பேர் சொல்லிவிட்டு வாருங்கள். முறுக்கு கொண்டு போனால் நல்லது, காரம் குறைத்து.

கொண்டுவரக் கூடாதது பற்றி: மனைவியின் கைப்பையில் பெப்பர் ஸ்பிரே இருந்தால் ஊரிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். இங்கே அது 1968 துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட ஆயுதம். தேங்காய் வெட்டும் கத்தியைக் காரில் போட்டுக்கொண்டு சுற்றினாலும் வழக்குதான். நகையை முடிந்தவரை அம்மா வீட்டில் வையுங்கள். ஆசியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வருகிற திருடர்கள் உண்டு, போலீஸே எச்சரிக்கிறது. வளைகாப்புப் படத்தை வீட்டு நம்பர் தெரிகிற மாதிரிப் போடாதீர்கள்.

உங்களைக் குறிவைக்கும் திருடன் பெரும்பாலும் போனில் வருவான். இந்த நாட்டில் மக்கள் அனுபவிக்கும் குற்றங்களில் பெரிய வகை மோசடிதான். "ஹோம் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், விசாவில் சிக்கல், இப்போதே பணம் கட்டுங்கள்" என்பான். ஹோம் ஆபீஸ் என்பது விசாவைப் பார்க்கிற உள்துறை. புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி முதல் மாதச் சம்பளம் மொத்தத்தையும் அப்படிக் கட்டிவிட்டு என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். ஹோம் ஆபீஸ் போனில் பணம் கேட்காது. பேங்க் பேரில் யாராவது கூப்பிட்டால் வைத்துவிட்டு 159 அடியுங்கள், பெரும்பாலான பேங்குகளுக்கு நேராக இணைப்பார்கள்.

வீட்டை ஒரு தடவை பகலிலும் ஒரு தடவை வெள்ளிக்கிழமை ராத்திரியிலும் போய்ப் பாருங்கள். பூட்டையும் தாழையும் அப்புறம் பார்க்கலாம். தோட்டத்தின் கடைசியில் டைக் இருக்கிறதா, அதற்கும் பின்வாசலுக்கும் எத்தனை எட்டு, நடுவில் வேலி எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மூன்று வயது என்றால் இடுப்பு உயரம்கூடப் போதாது. வேலி இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் போடச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.