கணிதத்துக்கான பிரெயில்: ஆபிரகாம் நெமத் குறியீடு குறித்த கேள்வி பதில்

கேள்வி: பிரெயிலில் எண்கள் ஏற்கெனவே இருந்தனவே, கணிதத்துக்குத் தனிக் குறியீடு எதற்கு?

பதில்: வழக்கமான பிரெயிலில் இலக்கங்களுக்கும், ஆங்கிலத்தின் ஏ முதல் ஜே வரையிலான எழுத்துகளுக்கும் ஒரே புள்ளிகள்தான், முன்னால் எண்குறி இருந்தால் எண், இல்லாவிட்டால் எழுத்து. உரைநடைக்கு இது போதும். எண்ணும் எழுத்தும் கலந்து வரும் இயற்கணிதத்திலோ அடையாளக் குறிகள் போட்டே மாளாது. பார்வையற்ற கணிதவியலாளர் ஆபிரகாம் நெமத் உருவாக்கி 1952-இல் வெளியான நெமத் குறியீட்டில், ஆறு புள்ளிக் கட்டத்துக்குள் இலக்கங்கள் ஒரு படி கீழே இறங்குகின்றன: 1-ஆம் புள்ளியால் எழுதப்பட்ட ஒன்று, 2-ஆம் புள்ளிக்கு வருகிறது. எழுத்தோடு குழப்பம் இல்லை.

கேள்வி: மேலும் கீழுமாக எழுதப்படும் பின்னத்தை ஒரே வரியில் எப்படிப் படிப்பது?

பதில்: குறியீட்டின் உயிர்நாடி இதுதான். முக்கால் என்பதை எழுத, பின்னம் தொடங்குவதற்கான குறி, மூன்று, கோட்டுக்கான குறி, நான்கு, முடிவுக் குறி என ஐந்து கட்டங்கள் போதும். பின்னத்துக்குள் இன்னொரு பின்னம் இருந்தால், வெளிப்பின்னத்தின் தொடக்கக் குறிக்கு முன்பே 6-ஆம் புள்ளி வந்துவிடும். கண்ணால் படிப்பவர் முழு வடிவத்தையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். விரலால் படிப்பவருக்கு அடுத்து வருவது என்னவென்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பார்வையுள்ள ஒருவருக்கு இந்த 6-ஆம் புள்ளி தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

கேள்வி: நெமத் தொடக்கத்திலிருந்தே கணிதம்தான் படித்தாரா?

பதில்: இல்லை. 1918-இல் நியூயார்க்கில் பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்த அவரை, கணிதம் வேண்டாம் என்று ஆலோசகர்கள் தடுத்ததால், உளவியல் படித்து 1942-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். தகுதிக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. வேலையில்லாத உளவியலாளராக இருப்பதைவிட வேலையில்லாத கணிதவியலாளராக இருக்கலாமே என்று மனைவி புளோரன்ஸ் கேட்ட பிறகே கணிதத்துக்குத் திரும்பினார். 1955 முதல் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள் கற்பித்தார்.

கேள்வி: கரும்பலகையில் யார் எழுதிக்கொடுத்தார்கள்?

பதில்: அவரேதான். அச்சு எழுத்துகளைக் கையால் எழுதச் சிறுவயதிலேயே பழகியிருந்தார்.

கேள்வி: ஒருங்கிணைந்த ஆங்கில பிரெயில் வந்துவிட்டதால் இதற்கு இனி வேலை இல்லையா?

பதில்: உரைநடைக்கும் கணிதத்துக்கும் ஒரே குறியீடான அந்த முறையை அமெரிக்கா 2012-இல் ஏற்றபோதும் நெமத் குறியீட்டைக் கைவிடவில்லை. பல குறியீடுகளை ஒன்றாக்க வேண்டும் என்று 1991-இல் பிரெயில் வல்லுநர் டிம் கிரான்மருடன் சேர்ந்து முன்மொழிந்தவரே நெமத்தான். ஆனால் உருவான முறையில் இலக்கங்கள் பழையபடி மேலே ஏறிக்கொண்டன. அதை அவர் ஏற்கவில்லை.