அம்மா பெயரில் ஆடு தானம் செய்யலாமா?

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குச் சேலைக்குப் பதில், அவர் பெயரில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஆடு கொடுக்கலாமா என்று டர்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். ஆனால் பொடி எழுத்தைப் படியுங்கள். பல அமைப்புகளில் பணம் பொது நிதிக்குத்தான் போகும், உங்களுக்கு வரும் வாழ்த்து அட்டையில் இருக்கும் ஆடு வெறும் படம்.

கால்நடை தானம் செய்யும் அமெரிக்க அமைப்பான ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் 1944-இல் 17 கிடாரிகளைப் போர்ட்டோ ரிக்கோவுக்கு அனுப்பியது. தானமாகப் பெற்றவர் முதல் பெண் கன்றை இன்னொரு வீட்டுக்குத் தரவேண்டும். நல்ல ஏற்பாடு.

சிக்கல் தீனியும் தண்ணீரும். நன்றாகக் கறக்கும் சீமைப்பசு நாளுக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். குழாயடியில் வரிசை நிற்கிற வீட்டில் யார் சுமப்பது? உங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் பாட்டி வளர்த்த ஆடு, வைத்தியர் வருவதற்குள் வயிறு ஊதிச் செத்தது. நானென்றால் கோழி, இல்லையேல் நேரடியாகப் பணம். அப்புறம், அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். சேலையை எதிர்பார்த்திருந்தால் பாவம்.