கபுகி மேடையில ஹட்சுனே மிக்கு: நாடகமும் ஏஐயும், வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஏஐ பத்திதான். அதுல நாடகம் சம்பந்தப்பட்டதை மட்டும் தனியா எடுத்து வச்சேன், மத்தது அடுத்த இதழ்ல.

ஜப்பான்ல கபுகி நாடகத்துல ஒரு கம்ப்யூட்டர் பொண்ணு ஹீரோயினா வர்ற வீடியோ வாட்ஸப்ல வந்துச்சு. நிஜமா, எடிட்டிங்கா? நிஜம்னா 400 வருஷக் கலையில இப்படிப் பண்ண எப்படி விட்டாங்க?
*வாசகர், கும்பகோணம்*

நிஜம்தான் சார். சோ-கபுகின்னு பேரு, 'சூப்பர் கபுகி'ன்னு எடுத்துக்கலாம். 2016 ஏப்ரல்ல டோக்கியோ பக்கத்துல மகுஹாரி மெஸ்ஸேங்கிற பெரிய கண்காட்சி ஹால்ல, நிகோநிகோன்னு ஒரு வீடியோ தளம் நடத்துற திருவிழாவுல முதல் தடவை போட்டாங்க. ஹீரோ நகமுரா ஷிடோ, பரம்பரை கபுகிக் குடும்பத்து ஆளு. ஹீரோயின் ஹட்சுனே மிக்கு, 2007ல வந்த ஒரு பாட்டு சாஃப்ட்வேருக்கு வரைஞ்ச உருவம், நீலப்பச்சைக் கலர்ல ரெண்டு நீளச் சடை. டெக்னாலஜி என்டிடி, அதாவது அங்க உள்ள டெலிபோன் கம்பெனி. கதைக்கு 18ஆம் நூற்றாண்டு நாடகமான யோஷிட்சுனே சென்போன்சகுராவையும் 'சென்போன்சகுரா'ன்னு மிக்கு பாடின ஹிட் பாட்டையும் சேர்த்துப் பின்னிட்டாங்க.

எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது மேடை இல்ல, ஆடியன்ஸ். கபுகியில நடிகர் உச்சக்கட்டத்துல கண்ணை உருட்டி அப்படியே சிலை மாதிரி நிப்பாரு, அந்த நொடியில பின்சீட்டுல இருந்து பழகின ரசிகர் அவரோட பரம்பரைப் பேரைச் சொல்லிக் கத்துவாரு, கத்துற நேரம் அரை செகண்ட் தப்பினாலும் மானம் போயிடும். சோ-கபுகியில ஷிடோவுக்கு "யொரோசுயா!"ன்னு கத்துறாங்க, மிக்குவுக்கு குடும்பம் ஏது, அதனால அவங்களே "ஹட்சுனேயா!"ன்னு ஒண்ணு உண்டாக்கிட்டாங்க, அதோட விடலை, டெக்னாலஜி காட்சி ஜோரா வந்தா என்டிடிக்கும் "தென்வாயா!"ன்னு ஒரு கத்தல், அதாவது டெலிபோன் கடைக்காரா! கையில வேற கலர் கலரா ஒளிர்ற குச்சி. கம்ப்யூட்டர் கம்பெனியையும் ஒரு நடிகனா சேர்த்துக்கிட்டு விசிலடிக்கிற ஆடியன்ஸை வேற எங்க பாப்பீங்க?

எப்படி விட்டாங்கன்னு கேட்டீங்கல்ல, கபுகி எப்பவுமே மெஷின் பிடிச்ச கலைதான் சார். சுழல் மேடையை 1758லயே ஒசாகாவுல நமிகி ஷோசோன்னு ஒரு நாடகாசிரியர் கபுகிக்குக் கொண்டு வந்துட்டாரு. தரைக்கு அடியில இருந்து நடிகரைத் தூக்குற லிஃப்ட் உண்டு, கயித்துல கட்டி ஆடியன்ஸ் தலைக்கு மேல பறக்க விடறதும் உண்டு. அந்த வரிசையில இது இன்னொண்ணு, அவ்வளவுதான். 2019 ஆகஸ்ட்ல கியோட்டோவுல மினாமி-சாங்கிற பாரம்பரிய கபுகி தியேட்டருக்குள்ளயே சோ-கபுகி போயிடுச்சு.

சரி, இதுல ஏஐ எங்க இருக்கு? மிக்கு ஏஐ இல்ல, பெரும்பாலும் முன்கூட்டியே செஞ்சு வச்ச அனிமேஷன்தான். ஏஐ இருக்கறது வேற இடத்துல. சினிமாவுல ஆளை மட்டும் வெட்டி எடுக்கப் பின்னாடி பச்சைத்துணி கட்டுவாங்க, இங்க அது இல்லாமலேயே லைவ்வா ஓடுற வீடியோவுல ஷிடோவை மட்டும் மேடையில இருந்து பிரிச்சு எடுத்து, பல ஷிடோவா திரையில காட்டுறாங்க, ஒரே ஆளு பல ஆளா பிரியற சீனுக்கு. அப்புறம் 2022ல அவரோட குரலையும் அசைவையும் படிச்ச ஒரு டிஜிட்டல் இரட்டையையும் இறக்கினாங்க.

ஆர்.எஸ்.மனோகர் நாடகத்துல பாக்காத தந்திரக் காட்சியா? 'இலங்கேஸ்வரன்' பாத்தவங்களுக்கு இந்த ஏஐ எல்லாம் ஜுஜுபி. இதுல என்னதான் புதுசு?
*வாசகி, மயிலாப்பூர்*

அம்மா, கோபப்படாதீங்க, பாதி உங்க பக்கம்தான். இன்னிக்கு ஹோலோகிராம்னு டிக்கெட் விக்கிறதுல பெரும்பாலானது கண்ணாடியிலயோ மெல்லிசு திரையிலயோ விழற பிம்பம். கண்ணாடியைச் சாய்ச்சு வச்சு மேடையில பேய் காட்டுற வித்தையை 1862லயே லண்டன்ல பெப்பர்ங்கிறவரு காட்டிட்டாரு, இன்னிக்கும் அதுக்கு பெப்பரோட பேய்னுதான் பேரு.

புதுசு என்னன்னா பிம்பம் நடிகர் கூடவே லைவ்வா அசையறது. இங்கிலாந்துல ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2016ல, ஷேக்ஸ்பியர் செத்து 400 வருஷம் ஆனப்போ, 'தி டெம்பெஸ்ட்' போட்டாங்க, இன்டெல் கம்பெனியும் நடிகர் ஆண்டி செர்கிஸோட இமாஜினேரியம் ஸ்டூடியோவும் கூட. அதுல ஏரியல்னு ஒரு காத்துப் பூதம். மார்க் குவார்ட்லிங்கிற நடிகர் சென்சார் தைச்ச ஒட்டுடுப்புப் போட்டு மேடையிலயே நிக்கிறாரு, அவர் கையைத் தூக்கினா மேல பெருசா தெரியற பூதமும் தூக்குது, அதை அந்த நேரத்துலயே வரைஞ்சு தள்றது வீடியோ கேமுக்குப் பயன்படுத்துற அன்ரியல் என்ஜின். முன்னாடியே எடுத்த படமா இருந்தா நடிகன்தான் படத்துக்குப் பின்னாடி ஓடணும், இங்க படம் நடிகனுக்குப் பின்னாடி ஓடுது. ஒரு நாள் ஒரு வசனத்தை இழுத்துச் சொன்னா பூதமும் இழுத்துக்கும். எனக்கு இதுதான் விஷயம், மத்தபடி புரொஜெக்டர் வெளிச்சம் எத்தனை லட்சம் லூமென்ஸ்ங்கிறதெல்லாம் விளம்பரம். இன்னொண்ணு, இதுல ஏஐ துளிகூடத் தேவைப்படலை, ஆனா இன்னிக்கு இதே நாடகத்தை இங்க போட்டா போஸ்டர்ல ஏஐன்னுதான் கொட்டை எழுத்துல போடுவாங்க.

ஏஐகிட்ட சொல்லி முழு நாடகம் எழுத வாங்கலாமா? காலேஜ் கல்ச்சுரல்ஸ்க்கு.
*மாணவர், கோவை*

வாங்கலாம் தம்பி, செக் நாட்டுல பிராகா நகரத்துல வாங்கிப் பாத்துட்டாங்க. 'ரோபோ'ங்கிற வார்த்தையை உலகத்துக்குக் கொடுத்த காரல் சாப்பெக்கோட 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் 1921 ஜனவரியில அங்கதான் மேடை ஏறுச்சு, அதோட நூறாம் வருஷத்துக்கு சார்ல்ஸ் பல்கலைக்கழகத்து ஆளுங்களும் ஷ்வாண்டா தியேட்டரும் சேர்ந்து ஜிபிடி-2ங்கிற, எழுத்து எழுதற ஏஐயை வச்சு ஒரு நாடகம் எழுத வச்சாங்க, 2021 பிப்ரவரி 26ல ஆன்லைன்ல வெளியிட்டாங்க, கொரோனா நேரம் ஆச்சே. சுமார் 90 சதவீதம் மெஷின் எழுதினது. ஆனா ஒவ்வொரு சீனுக்கும் ஆரம்ப வரிகளை மனுஷன் கொடுக்கணும், ஒரு சீன்ல ரெண்டே பாத்திரம்தான், மூணாவது ஆளு வந்தா மெஷினுக்கு யார் யாருன்னு குழம்பிடும். அது இங்கிலீஷ்ல எழுதி, அதைத் திரும்ப மெஷினே செக் மொழிக்கு மாத்துச்சு.

இன்னிக்கு உள்ள மெஷின் அதைவிட எவ்வளவோ தேவலை, யாரு என்னன்னு மறக்காது. ஆனா தமிழ்ல கேட்டா எல்லா பாத்திரமும் நியூஸ் வாசிக்கிற மாதிரிதான் பேசும், மாமியாரும் மருமகளும் "நிச்சயமாக, உங்கள் கருத்து சரியே"ன்னு பேசிப்பாங்க. என் யோசனை, வசனத்தை நீங்களே பேசிப் பேசி எழுதுங்க, அதுகிட்ட "இந்த சீன்ல இவன் ஏன் வெளிய போறான், நாலு காரணம் சொல்லு"ன்னு கேளுங்க, அதுல மூணு குப்பையா இருக்கும், நாலாவது உதவும்.

எங்க நாடகக் குழுவுக்கு பட்ஜெட் ரொம்பக் கம்மி. புராண நாடகத்துல புரொஜெக்டர் வச்சு ஏதாவது பண்ணலாமா?
*வாசகர், திண்டுக்கல்*

பண்ணலாம், ஆனா எல்லாரும் பண்ற தப்பு பின்னாடி வெள்ளைத்துணி கட்டி முன்னாடி இருந்து புரொஜெக்டர் அடிக்கிறது, கடைசியில கைலாசம் முழுக்க சிவன் மூஞ்சி மேலயே ஓடும். நடிகருக்கு முன்னாடி கறுப்பு கொசுவலைத் துணி கட்டுங்க. முன்பக்கம் இருந்து சாய்வா வெளிச்சம் அடிச்சா துணி திரையா நிக்கும், படம் அதுல பிடிக்கும். முன் வெளிச்சத்தை அணைச்சுட்டு துணிக்குப் பின்னாடி லைட் போட்டா துணி காணாம போய் ஆளு தெரிவாரு. அசுரன் மறையறதுக்கும் அசரீரிக்கும் இது ஒண்ணே போதும். துணியில சுருக்கம் இல்லாம அடியில பைப் போட்டு இழுத்துக் கட்டணும். படத்தை ஓட விடறவரு லேப்டாப்பைப் பாக்காம மேடையைப் பாக்கணும், நடிகரோட மூச்சைப் பாத்து பட்டனை அமுக்கத் தெரிஞ்சவரா ஒருத்தரைப் பிடிங்க, மிருதங்கம் வாசிக்கிறவரு கிடைச்சா விடாதீங்க.

எங்க தெருக்கூத்து ஜமா வாத்தியாரோட அடவையும் குரலையும் பதிவு பண்ணி ஏஐக்குக் கத்துக் கொடுக்கறோம்னு ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க. பேப்பர்ல கையெழுத்துக் கேக்கறாங்க. போடலாமா?
*வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்*

பதிவு பண்றது நல்லது, கையெழுத்துக்கு அவசரப்படாதீங்க அண்ணே. 2023 செப்டம்பர்ல நடிகர் அனில் கபூர் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போய், தன் பேரு, குரல், உருவத்தை அனுமதி இல்லாம ஏஐ வச்சுப் பயன்படுத்தக் கூடாதுன்னு இடைக்காலத் தடை வாங்கினாரு. அவருக்கு வக்கீல் இருக்காரு, வாத்தியாருக்கு அந்தப் பேப்பர்தான் எல்லாம். எதுக்குப் பயன்படுத்துவாங்க, எத்தனை வருஷம், வேற கம்பெனிக்கு விப்பாங்களா, அவர் குரல்ல புதுசா பாட வச்சா பணம் உண்டா, இந்த நாலும் தமிழ்ல எழுதி இருக்கணும், பதிவோட ஒரு காப்பி ஜமாவுக்கு வேணும்.

இன்னொரு விஷயம். கேமரா வச்சு அசைவைப் பிடிக்கிற ஆளுங்களா இருந்தா கிரீடமும் புஜக்கட்டையும் போட்டு ஆடச் சொல்லாதீங்க, அதுல ஒட்டியிருக்கிற கண்ணாடித் துண்டெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சு மெஷினைக் குழப்பிடும். ஆனா கனம் இல்லாம ஆடற அடவு அதே அடவு இல்லைங்கிறது உங்களுக்குத் தெரியும், அதனால உடம்புல சென்சார் கட்டி, அதுக்கு மேல முழு வேஷம் போட்டு, முகவீணையும் ஆர்மோனியமும் வச்சு ராத்திரியிலயே எடுக்கச் சொல்லுங்க. செலவு கூடும்னு முனகுவாங்க, முனகட்டும்.